குப்பைக் கிடங்கின் அருகே கிணற்று நீர்ப் பரிசோதனை: இருமுறை பெற்ற ஒரு சேவையின் மதிப்புரை

நீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றின் சேவையை ஓராண்டுக்குள் இரண்டு முறை பயன்படுத்தினோம். முதல்முறை பெற்றது அவர்களுடைய பொதுவான குடிநீர்ப் பரிசோதனைத் தொகுப்பு. இரண்டாம் முறை பெற்றது, குப்பைக் கிடங்குகளுக்கு அருகிலுள்ள கிணறுகளுக்கென அவர்கள் தனியே வைத்திருக்கும் விரிவான தொகுப்பு. முதல் அறிக்கை எங்கள் கிணற்று நீரைக் ‘குடிப்பதற்கு ஏற்றது’ என்றது. இரண்டாவது அறிக்கை அதே கிணற்றில் குப்பையின் கசிவுநீர் கலந்திருப்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியது. இரண்டு அறிக்கைகளிலும் பொதுவாக உள்ள கடினத்தன்மை, குளோரைடு, காரத்தன்மை ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்ததால், இடைப்பட்ட மாதங்களில் நீர் கெட்டுவிட்டது என்று கொள்ள இடமில்லை. முதல் தொகுப்பு கசிவுநீரைக் கண்டுபிடிக்கும் வகையில் அமைக்கப்படவே இல்லை என்பதுதான் நான் வந்து சேர்ந்த முடிவு. அதனால் இந்த மதிப்புரையில் ஒரே நிறுவனத்தின் ஒரு சேவையைப் பாராட்டவும் மற்றொன்றைக் கண்டிக்கவும் வேண்டியிருக்கிறது.

எங்கள் கிணற்றிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவில், பல ஆண்டுகளுக்கு முன்பு மூடப்பட்ட குப்பைக் கிடங்கு ஒன்று இருக்கிறது. அடியில் களிமண் படுகையோ நெகிழித் தகடோ இடாமல், பள்ளத்தில் குப்பையைக் கொட்டி மேலே மண் போட்டு மூடிய பழைய முறைக் கிடங்கு அது. சேமித்து வைத்த நீரின் அடியில் செம்பழுப்பு நிறத்தில் படிவு தங்கத் தொடங்கியதும், துவைத்த வெள்ளைத் துணிகளில் மங்கலான கறை தெரிந்ததும் எங்களுக்குக் கிடைத்த முதல் அறிகுறிகள். இரும்புச் சத்து மிகுந்த நிலத்தடி நீரில் இவை எங்கும் காணக்கூடியவை என்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கிருமிநீக்கத்துக்காக எவ்வளவு குளோரின் சேர்த்தாலும், சிறிது நேரம் கழித்துச் சோதித்துப் பார்க்கையில், வேறெதனுடனும் சேராமல் எஞ்ச வேண்டிய தனிக் குளோரின் துளியும் எஞ்சாமல் போனது எங்களை யோசிக்க வைத்தது. நீரில் எதுவோ குளோரினை விழுங்கிக்கொண்டிருந்தது. அது அம்மோனியா என்பது மிகவும் பின்னால்தான் தெரியவந்தது. நைட்ரஜன் கணக்கில் ஒரு மில்லிகிராம் அம்மோனியா இருந்தால், அதைத் தாண்டித் தனிக் குளோரின் நிலைக்க ஏறத்தாழ எட்டு முதல் பத்து மில்லிகிராம் வரை குளோரின் செலவாகும்.

முதல் தொகுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எங்களையே ஒரு நெகிழிப் புட்டியில் நீரை நிரப்பிக் கொண்டுவந்து தரச் சொன்னார்கள். கிணறு எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம், அருகில் என்ன இருக்கிறது என்ற கேள்விகளுக்கு விண்ணப்பப் படிவத்தில் இடமே இல்லை. அறிக்கையில் நிறம், கலங்கல்தன்மை, அமில காரநிலை, கரைந்த திடப்பொருள்கள், கடினத்தன்மை, காரத்தன்மை, குளோரைடு, சல்பேட், நைட்ரேட், புளூரைடு, இரும்பு, கோலிபார்ம் நுண்ணுயிர்கள் ஆகியவை இருந்தன. இரும்பு மட்டும் சற்றுக் கூடுதல் என்று குறித்திருந்தார்கள். நைட்ரேட் ‘கண்டறியப்படவில்லை’ என்று அச்சிடப்பட்டிருந்ததைக் காட்டி, கழிவு கலந்திருந்தால் நைட்ரேட் உயர்ந்திருக்கும், ஆகவே அச்சம் வேண்டாம் என்று முகப்பில் இருந்தவர் விளக்கினார்.

இந்த விளக்கம் சாக்கடை நீரோ உரமோ கலந்த கிணறுகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும். குப்பைக் கிடங்கின் அருகே அது தலைகீழாகிவிடும். குப்பையின் ஊடே மழைநீர் இறங்கும்போது கரைந்து வரும் கரிமப் பொருள்களை நுண்ணுயிர்கள் உண்கின்றன. அதற்கு முதலில் நிலத்தடி நீரில் உள்ள ஆக்சிஜன் செலவாகிறது. அது தீர்ந்ததும் நைட்ரேட், பிறகு மண்ணிலுள்ள மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகள், அதன்பின் சல்பேட் என ஒவ்வொன்றாகப் பயன்படுத்தப்படுகின்றன. கிடங்குக்கு மிக அருகில் மீத்தேன் உருவாகும் நிலை வரை இது செல்கிறது. டென்மார்க்கின் வேயன், கிரின்ஸ்டெட் கிடங்குகளிலும், 1985-இல் மூடப்பட்ட அமெரிக்காவின் நார்மன் கிடங்கிலும் நடந்த நீண்ட கள ஆய்வுகள் இந்த மண்டலங்களை ஆழ்துளைகள் வழியே நுணுக்கமாகக் காட்டியிருக்கின்றன. எனவே கிடங்குக்கு அருகிலுள்ள கிணற்றில் நைட்ரேட் இல்லாமல் போவது நல்ல செய்தியாக இருக்க வேண்டியதில்லை. கசிவுநீரின் நடுவே கிணறு இருப்பதற்கான தடயமாகவே அது இருக்கக்கூடும். எங்கள் கிணற்றில் அதுதான் நடந்திருந்தது. இதை அறிந்திருக்க வேண்டிய ஒரு பரிசோதனைக் கூடம், நேர்மாறான பொருளைச் சொல்லி எங்களை அனுப்பி வைத்தது. இந்தச் சேவையின் மீது எனக்குள்ள முதன்மையான குறை இது.

மாதிரி எடுத்த முறையும் குறையுடையதே. ஆக்சிஜன் இல்லாத நிலத்தடி நீரில் இரும்பு கரைந்த நிலையில் நிறமின்றி இருக்கும். புட்டியில் காற்றுப் பட்டதும் அது துருவைப் போன்ற படிவாக மாறும். அவ்வாறு படியும்போது நீரிலுள்ள ஆர்சனிக்கையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் தங்கிவிடும். ஒரு நாள் வீட்டில் வைத்திருந்து கொண்டுபோய்க் கொடுத்த புட்டியின் தெளிந்த மேல்நீரைச் சோதித்தால், கிணற்றில் உண்மையில் இருந்ததைவிடக் குறைவான அளவுதான் தெரியும். எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களோ, மூடியைத் திறக்கும்போதே கணிசமாகக் கைநழுவிவிடும். ஆகவே முதல் தொகுப்பின் பட்டியலில் இன்னும் பத்துப் பொருள்களைச் சேர்த்திருந்தாலும், அந்தப் புட்டியிலிருந்து நம்பத்தக்க விடை வந்திருக்காது.

இரண்டாவது தொகுப்பு இருப்பதே எங்களுக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. குளோரின் தங்காத விவரத்தைக் கடிதமாக எழுதிக் கேட்டபோது, கூடத்தின் மூத்த வேதியியலாளர் ஒருவர் அதைப் படித்துவிட்டுத் தாமே அழைத்து, கிடங்கு எந்தத் திசையில் உள்ளது, நிலம் எந்தப் பக்கம் சரிகிறது, அருகில் வேறு கிணறுகள் உண்டா என்று விரிவாகக் கேட்டார். அதன்பிறகு நடந்த ஒவ்வொன்றும் நிறைவளித்தது.

குறித்த நாளில் மாதிரி எடுப்பவர் இருவர் வந்தனர். முதலில் கிணற்றின் நீர்மட்டத்தை அளவு நாடாவால் அளந்தார்கள். பின்னர்க் குழாயில் தேங்கி நிற்கும் நீரைப் போல மூன்று மடங்கை வெளியேற்றினார்கள். தேங்கிய நீர் காற்றுடன் கலந்து மாறியிருக்கும் என்பதால், நிலத்தடியிலிருந்து புதிதாக வரும் நீரைப் பிடிப்பதற்காக இதைச் செய்கிறார்கள். வெளியேற்றும் நீரைக் காற்றுப் படாத சிறு கலத்தின் வழியே செலுத்தி, வெப்பநிலை, மின்கடத்துதிறன், அமில காரநிலை, கரைந்த ஆக்சிஜன், ஆக்சிஜனேற்ற ஒடுக்க நிலை ஆகியவற்றைக் கருவியில் பார்த்து, எண்கள் நிலைபெற்ற பிறகே புட்டிகளைத் திறந்தார்கள். உலோகங்களுக்கான நீரை 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் அங்கேயே வடித்து நைட்ரிக் அமிலம் சேர்த்தார்கள். அம்மோனியாவுக்கும், கரிமப் பொருள்களின் அளவைக் காட்டும் வேதி ஆக்சிஜன் தேவைக்குமான புட்டிகளில் கந்தக அமிலம் இட்டார்கள். ஆவியாகும் சேர்மங்களுக்கு 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பிகளை விளிம்பு வரை நிரப்பி மூடி, தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூட இல்லை என்பதைச் சரிபார்த்தார்கள். ஒரு குப்பியில் குமிழி தெரிந்ததும் அதைக் கொட்டிவிட்டு வேறொன்றில் மீண்டும் பிடித்தார்கள். அனைத்தும் பனிக்கட்டிப் பெட்டியில் அன்றே கூடத்துக்குச் சென்றன. யார் எடுத்தார்கள், யார் கையில் எப்போது ஒப்படைக்கப்பட்டன என்ற பதிவுத்தாளின் படி ஒன்றும் எங்களுக்குத் தரப்பட்டது.

இவற்றையெல்லாம்விட நான் உயர்வாக மதிப்பது, அவர்கள் இரண்டாவது கிணறு ஒன்றையும் சோதிக்க வேண்டும் என்று வற்புறுத்தியதைத்தான். நிலத்தடி நீர் உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்தை நோக்கி நகர்கிறது. கசிவுநீரும் அந்த ஓட்டத்தோடு ஒரு நீண்ட நாக்குப் போலக் கிடங்கின் ஒரு பக்கமாகப் பரவுகிறது. கிடங்குக்கு இருநூறு மீட்டரில் ஓட்டத்துக்கு எதிர்ப்புறம் இருக்கும் கிணறு தூய்மையாக இருக்கலாம்; ஓட்டத்தின் வழியில் அதைவிடத் தொலைவில் இருக்கும் கிணறு கெட்டிருக்கலாம். தொலைவை மட்டும் வைத்து எவரும் நிம்மதி கொள்ள முடியாது. மூன்று கிணறுகளின் நீர்மட்டங்களை ஒரே நாளில் அளந்தால் ஓட்டத்தின் திசையைக் கணக்கிட்டுவிடலாம். அவ்வாறு கணக்கிட்டு, ஓட்டம் கிடங்கை அடைவதற்கு முந்தைய மேற்புறத்தில், கசிவுநீர் எட்ட வாய்ப்பில்லாத ஒரு கிணற்றைத் தேர்ந்து, உரியவரிடம் அனுமதி பெற்று, அதிலும் இதே முறையில் மாதிரி எடுத்தார்கள். அந்த ஊரின் பாறையும் மண்ணும் இயல்பாகவே நீரில் எவ்வளவு உப்பைச் சேர்க்கின்றன என்பது அதிலிருந்து தெரிகிறது. அந்த ஒப்பீடு இல்லாவிட்டால், குளோரைடு இவ்வளவு என்ற எண் தனியாக எதையும் சொல்லாது.

எதைத் தேடினார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, கசிவுநீரில் என்ன இருக்கும் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகரக் குப்பையின் கசிவுநீரில் உள்ளவற்றை ஆய்வாளர்கள் நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள்: கரைந்த கரிமப் பொருள்கள்; குளோரைடு, சோடியம், அம்மோனியம் (நீரில் அம்மோனியா பெறும் அயனி வடிவம்), பைகார்பனேட் போன்ற மிகுதியான உப்புகள்; கன உலோகங்கள்; பென்சீன், குளோரினேற்றிய கரைப்பான்கள் போன்ற செயற்கைக் கரிமச் சேர்மங்கள். உலகெங்கும் பதிவான அளவுகள் பரந்த எல்லைக்குள் உள்ளன. குளோரைடு லிட்டருக்கு 150 முதல் 4,500 மில்லிகிராம் வரையிலும், அம்மோனிய நைட்ரஜன் 50 முதல் 2,200 மில்லிகிராம் வரையிலும், வேதி ஆக்சிஜன் தேவை 140 முதல் 1,52,000 மில்லிகிராம் வரையிலும் காணப்பட்டுள்ளன. குப்பை புதிதாக இருக்கும் அமிலக் கட்டத்தில் எளிதில் மட்கும் கரிமப் பொருள்கள் மிகும். மீத்தேன் கட்டத்துக்கு வந்தபின் அவை வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் அம்மோனியம் அவ்வாறு குறைவதில்லை. கிடங்கு மூடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அது வெளியேறிக்கொண்டே இருக்கும் என்பதால், நெடுங்கால நோக்கில் அதையே முதன்மையான மாசாகக் கருதுகிறார்கள். பலர் முதலில் அஞ்சுவது ஈயத்தையும் பாதரசத்தையும்தான். கிடங்கின் உள்ளே சல்பைடாகவும் கார்பனேட்டாகவும் படிந்துவிடுவதால், சாதாரண நகரக் குப்பையின் கசிவுநீரில் கன உலோகங்கள் பெரும்பாலும் குறைவாகவே உள்ளன. ஆர்சனிக்கும் மாங்கனீசும் வேறு வழியில் வருகின்றன. பெரும்பாலும் குப்பையிலிருந்து வராமல், கிடங்கின் வெளியே உள்ள மண்ணில் காலங்காலமாக அசையாமல் கிடந்த அவை, கசிவுநீர் ஆக்சிஜனைப் பறித்து இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளைக் கரைக்கும்போது நீருக்குள் விடுபடுகின்றன. தூய மண்ணே நச்சை வெளியிடும்படி ஆகிவிடும் இந்த நிகழ்வை அறிந்தபோது எனக்கு உண்மையாகவே மனம் கனத்தது.

அறிக்கை பதினாறு பக்கம். குளோரைடும் போரானும் மேற்புறக் கிணற்றைவிட எங்கள் கிணற்றில் பல மடங்கு இருந்தன. மண்ணில் ஒட்டாமல் நீரின் வேகத்திலேயே பயணம் செய்வதால் குளோரைடு கசிவுநீரின் முன்தூதுவன் போல. நேர்மின் அயனியான அம்மோனியம் களிமண்ணில் பற்றிக்கொண்டு மெதுவாக வரும். அதுவும் எங்கள் கிணற்றுக்கு வந்துசேர்ந்திருந்தது என்பதே கசிவு நெடுநாளாக நடக்கிறது என்பதைச் சொல்கிறது. கரைந்த ஆக்சிஜன் இல்லை என்னும் அளவில் இருந்தது. மாங்கனீசு, உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட குடிநீர் வழிகாட்டுதல்களில் தற்காலிக அளவாகக் குறித்துள்ள லிட்டருக்கு 0.08 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. ஆர்சனிக் அதே நிறுவனத்தின் 10 மைக்ரோகிராம் எல்லைக்குக் கீழே இருந்தாலும், மேற்புறக் கிணற்றைவிடத் தெளிவாகக் கூடுதல். ஒவ்வொரு பொருளுக்கும் கருவியின் கண்டறியும் எல்லை, இரட்டை மாதிரியின் (ஒரே நீரை இருமுறை சோதித்ததன்) வேறுபாடு, வெற்று மாதிரியின் (தூய நீரை அதே முறையில் சோதித்ததன்) அளவு ஆகியவை அச்சிடப்பட்டிருந்தன. நேர்மின், எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகை 5 விழுக்காட்டு வேறுபாட்டுக்குள் பொருந்துகிறதா என்ற கணக்கும் இருந்தது. எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று வாசிப்பவரே சரிபார்க்க இது வழி செய்கிறது. முதல் அறிக்கையில் இதில் எதுவும் இல்லை.

ஆயினும் விரிவான தொகுப்பும் குறைகளுக்கு அப்பாற்பட்டதில்லை. எல்லை மீறியவற்றைச் சிவப்பிலும் மற்றவற்றைப் பச்சையிலும் அச்சிடுகிறார்கள். குடிநீரில் காணப்படும் அளவுகளில் அம்மோனியா உடல்நலத்துக்கு நேரடிக் கேடு விளைவிப்பதில்லை என்பதால், அதற்கு உலகச் சுகாதார நிறுவனம் நலவழி எல்லை எதையும் வகுக்கவில்லை. மணம் உணரப்படும் அளவாக லிட்டருக்கு ஏறத்தாழ 1.5 மில்லிகிராமை மட்டும் சொல்கிறது. ஆகவே எங்கள் கிணற்றின் மிக முக்கியமான தடயமாகிய அம்மோனியா நிறமே இல்லாமல் அட்டவணையின் நடுவே ஒதுங்கிக் கிடந்தது. போரானுக்கும் குளோரைடுக்கும் பச்சை. நிறத்தை மட்டும் பார்ப்பவர் மாங்கனீசு ஒன்றுதான் சிக்கல் என்று எண்ணி, அதற்கொரு வடிகட்டியை வாங்கி மாட்டிவிட்டு அமைதியாகிவிடுவார். கசிவுநீர் கலப்பு உள்ளதா இல்லையா என்பதை ஒரு பக்கத்தில் எழுத்தால் விளக்கியிருக்க வேண்டும். தொலைபேசியில் அந்த வேதியியலாளர் அரைமணி நேரம் பொறுமையாக விளக்கியதால்தான் எங்களுக்குப் புரிந்தது. அந்த விளக்கம் அறிக்கையிலேயே இருந்திருந்தால், எங்களைப் போலவே அதே நீரைக் குடிக்கும் அண்டை வீட்டாரிடம் அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

இன்னொரு குறை வினைல் குளோரைடு பற்றியது. உலர்சலவைக்கும் உலோகத் தூய்மைக்கும் பயன்படும் குளோரினேற்றிய கரைப்பான்கள் ஆக்சிஜனற்ற நிலத்தடியில் படிப்படியாகச் சிதையும்போது உருவாகும் இந்தச் சேர்மம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. இதற்கான வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம் மட்டுமே. கூடத்தின் கண்டறியும் எல்லையோ 1 மைக்ரோகிராம். அப்படியிருக்க ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லுக்கு இங்கே பாதுகாப்பு என்று பொருளில்லை. இருந்தும் அதைப் பச்சையில் அச்சிட்டிருந்தார்கள். எழுதிக் கேட்டபோது பிழையை ஒப்புக்கொண்டு, அந்த வரியை ‘முடிவு கூற இயலாது’ என்று திருத்திப் புதிய அறிக்கை அனுப்பினார்கள். அந்த நேர்மையையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். எளிதில் சிதையாத புளூரினேற்றிய நிலைத்த சேர்மங்களுக்கான (PFAS) பரிசோதனை இவர்களிடம் இல்லை. ஒட்டாத பூச்சு, நீர்புகாத் துணி, கறைபடாத விரிப்பு ஆகியவை குப்பைக்கு வரும் இக்காலத்தில், கசிவுநீருக்கென ஒரு தொகுப்பை விற்பவர்களிடம் அது இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கரைந்த திடப்பொருள்களின் அளவைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ். கருவி ஒன்றே போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அது நீரின் மின்கடத்துதிறனை அளந்து ஒரு மாறிலியால் பெருக்கிக் காட்டுகிறது. எந்த உப்பு என்று சொல்லாது, மின்னூட்டமில்லாத கரிமச் சேர்மங்களை உணரவே உணராது. ஆனால் ஒரே கிணற்றில் மாதந்தோறும் அளந்து எழுதி வைத்தால், உயரும் போக்கை முன்கூட்டியே காட்டும் என்ற அளவில் அது பயனுள்ளது. நாங்களும் அவ்வாறு எழுதி வருகிறோம். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையைக் கைவிட வேண்டும். கிருமிகள் சாகும், ஆனால் நீர் ஆவியாகிக் குறைவதால் மாங்கனீசும் ஆர்சனிக்கும் சற்று அடர்ந்தே போகும். இந்தக் கூடம் சுத்திகரிப்புக் கருவி எதையும் விற்பதில்லை, எந்த விற்பனையாளரையும் பரிந்துரைக்கவும் இல்லை. சோதிப்பவரே கருவியும் விற்பவராக இருந்தால் அறிக்கையின் எண்களை எப்படி நம்புவது என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு. இங்கே அது எழவில்லை.

புதிய கிடங்குகளில் நிலைமை வேறு என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999-ஆம் ஆண்டு நெறிமுறை, அபாயமற்ற கழிவுக் கிடங்கின் அடியில் நீர் மிக மெதுவாகவே ஊடுருவக்கூடிய ஒரு மீட்டர் தடுப்புப் படுகைக்கு நிகரான காப்பைக் கோருகிறது. அமெரிக்காவின் 1991-ஆம் ஆண்டு விதிகள், 60 சென்டிமீட்டர் அழுத்திய மண்ணின் மேல் நெகிழித் தகடு விரித்து, அதன்மேல் தேங்கும் கசிவுநீர் 30 சென்டிமீட்டரைத் தாண்டாமல் வெளியேற்றும்படி சொல்கின்றன. அத்தகைய கிடங்கின் அருகே வாழ்பவர்களுக்குக் கண்காணிப்புக் கிணறுகளின் பதிவுகளைக் கேட்டுப் பெறுவதே முதல் வேலை. அடித்தடுப்பில்லாத பழைய கிடங்கின் அருகே வாழ்பவர்களுக்கு அப்படிப்பட்ட பதிவுகள் பெரும்பாலும் கிடையாது. அவர்களுக்குத்தான் இந்த விரிவான தொகுப்பு தேவைப்படுகிறது.

என் மதிப்பீடு இதுதான். குப்பைக் கிடங்கின் அருகே கிணறு வைத்திருப்பவர்கள் இந்தக் கூடத்தின் பொதுத் தொகுப்பை வாங்க வேண்டாம். ஐந்துக்கு ஒன்றுகூட அதற்குத் தர மனம் வரவில்லை. விரிவான தொகுப்புக்கு ஐந்துக்கு நான்கு தருகிறேன். விண்ணப்பப் படிவத்தில் ‘அருகில் குப்பைக் கிடங்கு உண்டா’ என்ற ஒற்றைக் கேள்வியைச் சேர்த்து, உண்டு என்பவர்களைப் பொதுத் தொகுப்பிலிருந்து திருப்பிவிடத் தொடங்கினால் மீதமுள்ள ஒன்றையும் தருவேன். இதை அவர்களுக்கு எழுத்து மூலமாகவும் தெரிவித்திருக்கிறேன். ஒரு முறை எடுத்த மாதிரி ஒரு பருவத்தின் நிலையை மட்டுமே காட்டும் என்பதால், மழைக்குப் பிறகு நீர்மட்டம் உயர்ந்திருக்கும் நாளில் அதே இரண்டு கிணறுகளிலும் மீண்டும் மாதிரி எடுக்க ஏற்பாடு செய்துள்ளோம். கலப்புத் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கிணற்று நீரைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் பயன்படுத்துவதில்லை. வினைல் குளோரைடுக்கான குப்பிகள் மட்டும் இம்முறை, 0.3 மைக்ரோகிராமுக்கும் கீழே அளக்கக்கூடிய வேறொரு கூடத்துக்குச் செல்லும்.